பேரைச் சொல்லத் தயங்கும் பிள்ளை

ராஜபாளையத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். விஷயம் அவர் ஒருவருடையது அல்ல. பல வீடுகளில் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மூடி வைத்திருக்கும் விஷயந்தான்.

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். நான்காம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் பேச்சு திக்கும். வகுப்பில் பிள்ளைகள் அவனுக்கு 'டவர் கிடைக்காத போன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்த டீச்சர் ஒருவர், "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டிருக்கிறார். தன் பெயரின் முதல் எழுத்து வாயில் வராமல், பையன் பக்கத்தில் இருந்தவனுடைய பெயரைச் சொல்லிவிட்டானாம். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று முதல் திங்கட்கிழமை விடிந்தால் அவனுக்கு வயிற்று வலி.

அந்தத் தாயார் மேலும் எழுதுகிறார்: "ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்கு அரைப் பரீட்சை லீவில் போனால், மார்கழிக் குளிரில் பாட்டியோடு உட்கார்ந்து திருப்பாவை முப்பதையும் தங்கு தடையில்லாமல் சொல்கிறான். அதைப் பார்த்துவிட்டு இவன் அப்பா, 'அங்கே வருகிற பேச்சு இங்கே ஏன் வரவில்லை? வேண்டுமென்றே செய்கிறான்' என்று கோபிக்கிறார். என் மாமியாரோ, 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படிக் கிடையாது' என்கிறார். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் பேசுவதால் வந்த வினையோ என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?"

முதலில் அந்த அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை. பாட்டியோடு சேர்ந்து பாசுரம் சொல்லும்போது திக்காமல் இருப்பதுதான் திக்கலின் ஸ்வபாவம். பாட்டுப் பாடும்போது திக்காது. நாலு பேரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது அநேகமாகத் திக்காது. தனியாக இருந்து நாய்க்குட்டியோடு பேசும்போதும் பலருக்குத் திக்காது. உலகம் பூராவும் பேச்சு நிபுணர்கள் கண்டறிந்திருக்கும் உண்மை இது. பாட்டில் தாளம் முன்கூட்டியே இருக்கிறது. கூட்டத்தோடு சொல்லும்போது பக்கத்துக் குரல் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. தனியாகப் பேசும்போதோ, எந்தச் சொல், எப்போது, எப்படி என்று எல்லாவற்றையும் மூளை அந்தக் கணத்திலேயே ஏற்பாடு செய்தாக வேண்டும். அந்த ஏற்பாட்டில்தான் நொடிப்பொழுது இடறல். ஆகவே திருப்பாவை அவனுக்கு எதிரான சாட்சி அல்ல. நாக்கிலும் தொண்டையிலும் கோளாறு எதுவும் இல்லை என்பதற்குச் சாட்சி.

அடுத்து மாமியார் அம்மாள். நூறு குழந்தைகளை எடுத்துக்கொண்டால், ஐந்து பேருக்காவது சிறு வயதில் ஏதோ ஒரு சமயம் பேச்சு திக்குகிறது. பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள், சொற்கள் திமுதிமுவென்று வந்து சேரும் பருவத்தில் ஆரம்பிக்கும். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்கள் ஆன பிறகும் திக்குகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பெரியவர்களானால் நாலு ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கு. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. பாகிஸ்தானில் திக்குவாய் பலருக்கு இருந்த ஒரு குடும்பத்திலிருந்து ஆரம்பித்து, இதற்குச் சம்பந்தமுள்ள சில மரபணுக்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து 2010ல் வெளியிட்டார்கள். மரபணு என்பது அப்பா வழியிலும் வரும், அம்மா வழியிலும் வரும். இரண்டு மூன்று தலைமுறைக்கு வெளியில் தெரியாமலும் இருக்கும். மூக்கும் முழியும் யார் சாயல் என்று பேசுகிறோமே, அதைப் போலத்தான். மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதில் இடமே இல்லை.

மொழிச் சந்தேகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று வளர்ந்த குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக இருக்கின்றன. இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருகிறது என்றால் ஊரில் பாதிப் பேருக்குத் திக்க வேண்டுமே! ஒரு காலத்தில் நிபுணர்கள்கூட, "ஒரு மொழியை நிறுத்திவிடுங்கள்" என்று சொன்னதுண்டு. இன்றைக்கு அந்த அபிப்பிராயம் மாறிவிட்டது. தாத்தாவோடும் அத்தையோடும் கொஞ்சிப் பேசுகிற மொழியைப் பிடுங்கிக்கொண்டால், பேசுவதற்கு இருக்கும் ஆளும் குறைந்து போகும், அவ்வளவுதான் பலன். பயந்ததால் வந்தது, யாரையோ பார்த்துக் காப்பியடித்ததால் வந்தது என்பதெல்லாம்கூட வெறும் பேச்சுத்தான். பயமும் களைப்பும் திக்கலை அதிகப்படுத்தலாம், உண்டாக்குவதில்லை.

இனி கை வைத்தியம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு திருந்தும் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். குழந்தைக்கு வசம்பை உள்ளே கொடுக்க வேண்டாம் என்று இன்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசச் சொல்வது அதைவிட ஆபத்து; கல் தொண்டையில் போய் அடைத்துக்கொண்டால் என்ன கதி? "நாக்கு தடிப்பு, கொஞ்சம் வெட்டிவிட்டால் சரியாகும்" என்பாரும் உண்டு. இந்த யோசனை படிக்காதவர்களுக்குத்தான் தோன்றும் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மனியில் டீஃபன்பாக் என்ற மிகப் பெரிய அறுவை மருத்துவர் 1841ல், மயக்க மருந்து பழக்கத்துக்கு வருமுன்பே, திக்குகிறவர்களின் நாக்கில் கத்தி வைத்தார். பிரயோஜனம் இல்லாமல் பிறகு அந்த முறையையே கைவிட்டார்கள். நாக்கு நிரபராதி. அதை விட்டுவிடுங்கள்.

திக்குவதால் பிள்ளைக்கு நேரும் நஷ்டம் கொஞ்சந்தான். திக்கிவிடுமே என்று மறைப்பதால் நேரும் நஷ்டம்தான் பெரிது.

இந்தப் பையன் பக்கத்துப் பையனின் பெயரைச் சொன்னானே, அதை யோசித்துப் பாருங்கள். திக்குகிறவர்களில் ரொம்பப் பேருக்கு மிகக் கஷ்டமான சொல் தங்கள் சொந்தப் பெயர்தான். மற்றச் சொல்லுக்கு மாற்றுச் சொல் உண்டு. 'பள்ளிக்கூடம்' வரவில்லையென்றால் 'ஸ்கூல்' என்று சொல்லித் தப்பிக்கலாம். பெயருக்கு மாற்று ஏது? முதலில் ஒரு சொல்லை ஒதுக்குகிறான். அப்புறம் கடைக்குப் போவதை ஒதுக்குகிறான். போன் அடித்தால் எடுப்பதில்லை. விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை. கடைசியில் பள்ளிக்கூடத்தையே ஒதுக்கி வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறான். அந்த வயிற்று வலி பொய் அல்ல, சகோதரி! பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

பெரியவர்களின் வாய்ச்சொல் இதில் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு ஒரு துயரமான உதாரணம் உண்டு. 1939ல் அமெரிக்காவில், அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் அநாதை விடுதியில் ஒரு சோதனை செய்தார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், "உன் பேச்சு சரியில்லை, திக்குகிறது, சரியாக வராவிட்டால் பேசாதே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள். அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே திக்குவாயர்கள் ஆனார்களா என்பதில் நிபுணர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அவர்கள் பேசத் தயங்கி, வாயை மூடிக்கொண்டு ஒதுங்கத் தொடங்கினார்கள். இதற்காக அந்தப் பல்கலைக்கழகம் 2001ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அங்கே சோதனைக்காகச் செய்ததை நாம் வீட்டில் அக்கறையினால் செய்கிறோம். "மறுபடி சொல்லு, சரியாச் சொல்லு" என்று!

ஆகவே, வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பிள்ளை பேச ஆரம்பித்தால், முடிக்கும்வரை கேளுங்கள். ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் மூலை திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தேர் நின்றால் யாராவது, "இதற்கு ஓடத் தெரியாது" என்று திட்டுகிறார்களா? கட்டையைப் போட்டு, வடத்தைச் சரிசெய்து, கூட்டம் காத்திருக்கிறது. தேர் நிலைக்கு வந்து சேருகிறது. அந்தப் பொறுமையில் கால்வாசி நம் பிள்ளையின் ஒரு வாக்கியத்துக்குக் கொடுத்தால் போதும்.

நடுவில் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். தங்கச்சி இருந்தால் அவளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். இந்த வீடுகளில் அண்ணனுக்காகப் பேசும் வக்கீல் அநேகமாக ஒரு குட்டித் தங்கைதான். "மெதுவாப் பேசு, மூச்சை இழுத்து விடு, பதறாதே" என்று புத்தி சொல்வதையும் நிறுத்துங்கள். அவனை மெதுவாகப் பேசச் சொல்வதைவிட, நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் சொல்லி முடித்ததும் ஒரு வினாடி நிதானித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அவசரம் இல்லாத வீடு என்று அவனுக்குத் தானே விளங்கும். அவன் எப்படிச் சொன்னான் என்பதற்கு அல்ல, என்ன சொன்னான் என்பதற்குப் பதில் சொல்லுங்கள். திணறும்போது பார்வையைச் சட்டென்று திருப்பிக்கொள்ளாதீர்கள், பரிதாபமாகவும் பார்க்காதீர்கள்.

தினமும் பத்து நிமிஷம் அவனுக்கென்று ஒதுக்குங்கள். டெலிவிஷனும் செல்போனும் அணைந்திருக்கட்டும். கேள்வி மேல் கேள்வி வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டால்கூடப் போதும். ஆனால் காது அவனிடம் இருக்க வேண்டும்.

விருந்தாளிகள் வந்தால், "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று நிறுத்தி வைக்கும் வழக்கத்துக்கு முழுக்குப் போடுங்கள். திக்குவாய்ப் பாத்திரத்தைக் காட்டிச் சிரிப்பு மூட்டுவது நம் நாடகத்திலும் சினிமாவிலும் பழைய வியாபாரம். கூடத்தில் உட்கார்ந்து நாம் அதற்கு விழுந்து விழுந்து சிரிக்கும்போது, ஓரத்தில் இருக்கும் பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தானே நினைப்பான்?

இன்னொன்று. திக்கல் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்காமல் இருப்பது கருணை என்று சிலர் எண்ணுகிறார்கள். பேசக்கூடாத அளவுக்கு வெட்கமான ஏதோ ஒன்று தன்னிடம் இருப்பதாகத்தான் குழந்தைக்கு அதிலிருந்து புரியும். சமயம் பார்த்துச் சாதாரணமாகச் சொல்லுங்கள்: "உனக்குப் பேச்சு சில சமயம் திக்குகிறது. நிறையப் பேருக்கு இப்படி உண்டு. உன் தப்பு இல்லை. திக்கினாலும் பரவாயில்லை, நீ சொல்ல வந்ததைச் சொல்லு. நான் கேட்கிறேன்." இந்த நாலு வாக்கியம் கேட்டு அழுத பிள்ளைகள் உண்டு, மனப்பாரம் இறங்கிய அழுகை அது.

கேலிக்கு வருவோம். "கண்டுகொள்ளாதே" என்று சொல்லி அனுப்புவது சுலபம்; ஒன்பது வயசுப் பிள்ளையால் முடியாது. கேலி செய்கிறவனுக்கு வேண்டியது, இவன் முகம் சுருங்குவது. மறைக்க எதுவும் இல்லையென்றால் கேலிக்குச் சுவை போய்விடும். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், 1957ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்குப் பேச்சு திக்கும். "உங்களுக்கு எப்போதும் திக்குமா?" என்று ஒரு நிருபர் கேட்டாராம். "இல்லை, பேசும்போது மட்டுந்தான்" என்றாராம் அவர். இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், சிரிப்பான். அதோடு, ஈ.எம்.எஸ். திக்கல் நீங்கியபின் தலைவர் ஆனவர் அல்ல, திக்கித் திக்கியே ஆயிரக்கணக்கான மேடைகளில் பேசியவர் என்பதையும் சொல்லுங்கள்.

பிறகு வீட்டிலேயே ஒரு நாடகம் போடுங்கள். நீங்கள் கேலி செய்யும் பையன், அவன் அவனே. "ஆமா, எனக்குத் திக்கும். கொஞ்சம் பொறு, சொல்லி முடிக்கிறேன்" என்று நிமிர்ந்து நின்று சொல்லிப் பழகட்டும். அதைச் சொல்லும்போதே திக்கினாலும் குற்றமில்லை. பத்து தடவை வீட்டில் சொன்னது, ஒரு தடவை வகுப்பில் கைகொடுக்கும்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் புகாராகப் போட வேண்டாம். ஊருக்கெல்லாம் பறைசாற்றியதாக ஆகும். வகுப்பு முடிந்த நேரத்தில் டீச்சரைத் தனியாகப் பாருங்கள். மூன்று உதவி கேளுங்கள். ஒன்று, வருகைப் பதிவுக்கும் கேள்விக்கும் பதில் சொல்ல அவனுக்கு அவகாசம் தர வேண்டும். அவன் முறை எப்போது வரும் என்று வரிசையாகக் காத்து நடுங்க வைக்காமல், முன்னதாகவே கேட்டுவிடலாம். இரண்டு, உரக்கப் படிக்கும் பாடத்தை இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து படிக்கச் சொல்லலாம். பாட்டியோடு சேர்ந்து சொன்ன பாசுரத்தின் ரகசியம் வகுப்பிலும் பலிக்கும்! மூன்று, கேலியை டீச்சர் பார்த்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். அவன் பெயரைச் சொல்லாமல், "இந்த வகுப்பில் யார் பேசினாலும் முடிக்கும்வரை கேட்போம்" என்று எல்லோருக்கும் பொது விதியாக வைக்கலாம். அவனைப் பேச்சிலிருந்தே விலக்கி வைப்பது மட்டும் வேண்டாம். அது சலுகை மாதிரித் தோன்றும். உண்மையில் அது பூட்டு. போவதற்கு முன், "டீச்சரிடம் என்ன சொல்லட்டும்?" என்று பிள்ளையையே கேட்டுக்கொண்டு போங்கள். அவன் விஷயம் அது; அவனுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது.

சிகிச்சை வேண்டுமா என்றால், வேண்டும். மூன்று வயசுக் குழந்தைக்குத் திக்கல் ஆரம்பித்துச் சில மாதந்தான் ஆகிறது என்றால் கவனித்துப் பார்க்கலாம். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நீடித்தாலோ, பேசும்போது முகம் கோணித் திணறினாலோ, பேசவே பயந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, பெற்றோரையே பயிற்சியாளராக்கும் ஒரு முறை ஆஸ்திரேலியாவில் சிட்னியை அடுத்த லிட்கோம் என்ற இடத்தின் பெயரால் வழங்குகிறது. நல்ல பலன் தருகிறது. ஒன்பது வயதில் தானாகப் போய்விடும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. சொல்லை இறுக்காமல் இளக்கமாக ஆரம்பிப்பது, திக்கிக்கொண்டால் பதறாமல் வெளியே வருவது, பயந்து ஒதுக்கிய சொற்களை ஒவ்வொன்றாக மீட்பது ஆகியவற்றைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் கற்றுக் கொடுப்பார். பெரிய அரசு மருத்துவமனைகளில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். ராஜபாளையத்துக்காரர்களுக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் எட்டும் தூரந்தான். இந்தத் துறைக்கென்றே மத்திய அரசு 1965ல் மைசூரில் அமைத்த அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். "பத்தே நாளில் திக்குவாய் போகும், கியாரண்டி" என்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். திக்கலுக்கென்று மாத்திரை எதுவும் இதுவரை கிடையாது.

ஆங்கில மன்னர் ஆறாம் ஜார்ஜ், லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியப் பயிற்சியாளரிடம் 1926 முதல் பயின்றார். 1939 செப்டம்பர் 3ந் தேதி, யுத்தம் மூண்ட அன்று, நாட்டுக்கெல்லாம் ரேடியோவில் பேசினார். அந்தக் கதை 2010ல் சினிமாவாக வந்தது. அதை எழுதிய டேவிட் சைட்லர், சின்ன வயதில் திக்கித் தவித்தவர். மன்னர் ரேடியோவில் பேசுவதைக் கேட்டுத் தைரியம் பெற்ற பையன் அவர். பின்னாளில் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிசு பெற்றார். ஒருவர் திக்கினாலும் பேசியதைக் கேட்டு இன்னொரு குழந்தைக்கு வாய் திறந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

ராஜபாளையம் சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் பிள்ளை ஒருநாள் திக்காமல் பேசலாம். அல்லது வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் திக்கலாம். எதுவாக இருந்தாலும், அவன் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். அது வர ஒரு நிமிஷம் ஆனாலும் சரி. நீங்களும் அவன் அப்பாவும் டீச்சரும் அந்த ஒரு நிமிஷம் காத்திருங்கள்.